பூம்பாறைப் பக்கம் வீடும் தோட்டமும் ஒரே விலையில்: வரி விஷயத்தை யாரிடம், எப்போது கேட்பது?

மேல்மலைவாசி (அக்டோபர் 2025)

கொடைக்கானல் தாலுகா, பூம்பாறைப் பக்கம். 1 ஏக்கர் 40 சென்ட் பட்டா நிலம், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறார்கள். அதிலேயே 1,150 சதுர அடியில் ஓட்டு வீடு. எல்லாம் சேர்த்து 1 கோடியே 10 லட்சம் என்று பேச்சு. விற்பவர்கள் அண்ணன், தங்கை. தங்கை கனடாவில் இருக்கிறார். வாங்குவது நானும் மனைவியும்.

விவசாய பூமிக்கு டிடிஎஸ் (விலையிலிருந்து வாங்குபவர் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) கிடையாது என்கிறார் அண்ணன். வீட்டைக் காட்டாமல் வெறும் நிலமாக எழுதிவிடலாம் என்கிறார் பத்திர எழுத்தர். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ். ஆடிட்டரைப் பார்ப்பதா, வக்கீலைப் பார்ப்பதா?

கணக்குப்பிள்ளை

முதலில் அட்வான்ஸைத் தள்ளிப்போடுங்கள். டிடிஎஸ் பிடிக்க வேண்டியது பதிவு நாளில் அல்ல, ஒவ்வொரு முறை பணம் கொடுக்கும்போதும். ஒப்பந்தத்தில் ஒரே விலை ஏறிவிட்டால் பிறகு பிரித்துக் காட்டுவது கஷ்டம்.

அண்ணன் சொல்வது பாதி சரி. கிராமப்புற விவசாய நிலம் மூலதனச் சொத்து (விற்ற லாபத்துக்கு வரி வரும் சொத்து) இல்லை, அதற்கு 1% பிடித்தமும் இல்லை. கொடைக்கானல் நகராட்சியின் மக்கள்தொகை 10,000-க்கு மேல், 1 லட்சத்துக்குள். அதனால் நகராட்சி எல்லையிலிருந்து வான்வழியாக 2 கிலோமீட்டர் தாண்டினால் கிராமப்புறம். பூம்பாறை நன்றாகவே தாண்டும். ஆனால் வீடு இந்தச் சலுகைக்குள் வராது. வீட்டின் விலை தனியாக எழுதப்பட்டு 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால் அண்ணனுக்குப் பிடித்தம் தேவையில்லை. 1.10 கோடி என்று ஒரே தொகையாக இருந்தால் அவருடைய 55 லட்சத்தில் 1%, அதாவது 55,000 பிடிக்கவில்லையே என்று பின்னால் நோட்டீஸ் வரலாம். வரும் கேள்வி அவருக்கு அல்ல, உங்களுக்கு. ஆளுக்குப் பாதியாக வாங்குவதால் வரம்புக்குள் வந்துவிடலாம் என்ற கணக்கும் 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு எடுபடாது. எல்லோருடைய தொகையையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். பிடிப்பதாக இருந்தால் நீங்கள் ஒரு 26க்யூபி (பிடித்த வரியைக் கட்டும் படிவம்), மனைவி ஒரு 26க்யூபி. பிடித்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் கட்ட வேண்டும், தாமதத்துக்கு நாளைக்கு 200 ரூபாய். அண்ணனின் பான் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். செயலிழந்த பான் என்றால் 1% போய் 20% ஆகும்.

தங்கையின் பங்குதான் உண்மையில் சிக்கல். வெளிநாட்டில் வசிப்பவருக்கு 50 லட்சம் வரம்பே கிடையாது. வீட்டுப் பங்கின் நீண்டகால லாபத்துக்கு 12.5%, செஸ் சேர்த்தால் 13%. நீங்கள் டான் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) எடுத்து, பிடித்ததைக் கட்டி, 27க்யூ (வெளிநாட்டில் வசிப்பவருக்குப் பிடித்த வரியின் அறிக்கை) தாக்கல் செய்ய வேண்டும். லாபம் எவ்வளவு என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். எவ்வளவு பிடித்தால் போதும் என்று வருமான வரித்துறை தரும் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு அவர் படிவம் 13-ல் விண்ணப்பிக்கட்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். ஒப்பந்தக் கெடுவை அதற்கேற்ப வையுங்கள்.

மேலே சொன்ன படிவ எண்கள் எல்லாம் பழைய சட்டப்படி. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம். பதிவு அதற்குப் பிறகு போனால் பிரிவு எண், படிவ எண் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பத்திரப்பக்கம்

வீட்டை மறைக்கும் யோசனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். முத்திரைச் சட்டம் 27-வது பிரிவுப்படி மதிப்பைப் பாதிக்கும் விவரங்கள் எல்லாம் பத்திரத்தில் வர வேண்டும். மறைத்த வீட்டுக்கு வீட்டு வரிப் பெயர்மாற்றமும் மின் இணைப்பு மாற்றமும் இழுபறிதான். நாளைக்கு விற்கும்போது வீட்டுக்குக் கொடுத்த விலை என்று காட்ட ஒரு வரிகூட இருக்காது.

செலவு: முத்திரைத்தீர்வை 7%, பதிவுக்கட்டணம் 2%. 1.10 கோடிக்கு 9.90 லட்சம். வழிகாட்டி மதிப்பு (அரசு நிர்ணயித்த மதிப்பு) அதைவிட அதிகமாக இருந்தால் அதன்மேல். மனைவி பெயரில் மட்டும் வாங்கினால் 1% குறையுமா என்று அடுத்து கேட்பீர்கள்; அந்தச் சலுகை 10 லட்சம் வரையான சொத்துக்குத்தான்.

கணக்குப்பிள்ளை சார் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. பிரித்து எழுதுங்கள் என்றதும் சிலர் வீட்டைச் சுற்றி 10 சென்டை வெட்டி, "மனை" என்று பத்திரத்தில் தனி ஷெட்யூல் (சொத்து விவரம்) போட்டுவிடுகிறார்கள். அங்கீகாரம் இல்லாத மனை என்று பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவில் பத்திரம் திரும்பி வரும். நிலம் முழுவதையும் அதே புல எண்ணில் விவசாய பூமியாகவே எழுதி, அதில் அமைந்த கட்டடத்துக்குத் தனி மதிப்பு காட்டுவதுதான் வழி. கட்டடத்தின் வயது, கூரை வகை, சதுர அடி எல்லாம் கட்டட இணைப்பில் சரியாக இருக்க வேண்டும். கள ஆய்வுக்கு வருவார்கள்.

கணக்குப்பிள்ளை

பத்திரப்பக்கம் சொன்னது சரி, நான் விட்டுவிட்டேன். வீட்டின் விலையைக் குறைக்கும் ஆசைக்கும் ஒரு எல்லை உண்டு. பத்திரத்தில் 18 லட்சம் போட்டு, அரசு மதிப்பு 24 லட்சம் என்று வந்தால், வித்தியாசம் 10%-ஐத் தாண்டுகிறது. அந்த 6 லட்சம் வாங்குபவரின் வருமானமாகச் சேரும். நிலத்தின் மேல் விலையை ஏற்றினால் லாபம் விற்பவருக்கு, தொல்லை உங்களுக்கு. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை ஒன்றை வாங்கி அதன்படி பிரியுங்கள்.

கோத்தகிரிக்காரர்

கடைசி மூன்று பசலி (ஜூலை முதல் ஜூன் வரையான வருவாய்த்துறை ஆண்டு) அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற கிராமப் பதிவேட்டைப் பார்த்தீர்களா? தரிசு என்று இருந்தால் விவசாய நிலம் என்ற வாதமே ஆட்டம் காணும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. வீட்டை ஹோம்ஸ்டே விடும் எண்ணம் இருந்தால் அதையும் ஆடிட்டரிடம் சொல்லுங்கள், அந்த வாடகை விவசாய வருமானம் ஆகாது.

நீலகிரிப் பக்கம் தேடுபவர்கள் இதைப் படித்தால்: அறிவிக்கப்பட்ட தனியார் காடாக இருந்தால் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி இல்லாமல் விற்கவே முடியாது. வரியெல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேல்மலைவாசி

வெள்ளிக்கிழமையை ரத்து செய்தாச்சு. எந்த மாதிரி ஆடிட்டர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கணக்குப்பிள்ளை

போனிலேயே மூன்று கேளுங்கள்: 27க்யூ தாக்கல் செய்திருக்கிறாரா, படிவம் 13 வாங்கித் தந்திருக்கிறாரா, நிலமும் கட்டடமும் கலந்த கிரயம் பார்த்திருக்கிறாரா. ரிட்டர்ன் மட்டும் போடுபவர் இரண்டாவது கேள்வியிலேயே தயங்குவார். போகும்போது மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கம், பட்டா, அடங்கல், வீட்டு வரி ரசீது, நாலு பேர் பான், தங்கையின் வசிப்பிட விவரம் கையில் இருக்கட்டும். வக்கீல் உரிமையைப் பார்க்கட்டும். ஒப்பந்த வரைவை இருவரும் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ், அதுவும் வங்கி வழியாக மட்டும்.