டிங்கிக்குச் சின்ன அவுட்போர்டு இன்ஜின், எதை எடுக்கலாம்?

நண்பர்களே, நங்கூரம் போட்ட படகிலிருந்து கரைக்குப் போய்வர 2.7 மீட்டர் காற்றடைத்த டிங்கி (சின்னப் படகு) வைத்திருக்கிறோம், அதன் பின்பக்கம் மாட்ட ஒரு ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் வேண்டும். பெரும்பாலும் இரண்டு பேர், கூடவே தண்ணீர் கேன், சாமான்கள்.

ஹோண்டா 2.3 ஹெச்பி, சுசூகி 2.5 ஹெச்பி இரண்டையும் பார்த்தேன். எடை சுமார் 14 கிலோ. ஆடுகிற படகில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இன்ஜினை டிங்கிக்கு இறக்க வேண்டியிருப்பதால் எனக்கு எடைதான் முதல் கவலை. ஹோண்டா காற்றிலேயே குளிர்கிறது, உப்புத்தண்ணீர் உள்ளே ஓடாது, ஆனால் சத்தம் அதிகம் என்கிறார்கள். இரண்டிலும் ரிவர்ஸ் இல்லை, இன்ஜினையே திருப்பித்தான் பின்னால் வரவேண்டும், அது பரவாயில்லை. 6 ஹெச்பி என்றால் எதிர்காற்றில் தைரியமாகப் போகலாம், ஆனால் எடை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. டிங்கியில் இன்ஜின் மாட்டும் பின்பலகையின் உயரம் 15 அங்குலம், அதனால் ஷார்ட் ஷாஃப்ட் (தண்டு நீளம் குறைந்த மாடல்) போதும்.

சரி, கேள்வி இதுதான்: நீரோட்டம் எதிர்த்து வரும்போது இந்தச் சின்ன இன்ஜின் தாக்குப்பிடிக்கிறதா? அப்புறம், சில வாரம் சும்மா இருந்தால் பழைய பெட்ரோலால் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் சின்னத் துளை) அடைத்துக்கொள்ளுமே, ஒவ்வொரு முறையும் பெட்ரோலை மூடிவிட்டு இன்ஜின் தானாக அணையும்வரை ஓட்டுகிறீர்களா? மின்சார மோட்டாருக்கு மாறியவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.