ஆடி அமாவாசையும் சின்னம்மா கடையின் இரண்டாவது இலையும்

சங்கத்து உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

போன கிழமை லண்டனில் இருந்து எங்கட தங்கச்சி ஒருத்தி குழுவுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தா. நல்லூரில் சின்னம்மாவின் சாப்பாட்டுக்கடையில் ஆடி அமாவாசை அன்று எடுத்த படம். சுவரோரம் இரண்டு தலைவாழையிலை. ஒன்றின் முன்னால் சித்தப்பாவின் தகப்பனாருடைய சட்டம் போட்ட படம். மற்றதின் முன்னால் பேப்பரில் இருந்து வெட்டி மட்டையில் ஒட்டிய, பொலிஸ் சீருடை போட்ட ஒருவரின் படம். அதற்கு வந்த பதில்களை எல்லாரும் வாசித்திருப்பீர்கள். "எங்கட இலையிலை பொலிஸ்காரனுக்குச் சோறோ?" என்று பாரிஸ் அண்ணை கேட்டிருந்தார். அவருக்கு ஆதரவாக ஏழெட்டுப் பேர். எதிர்த்து எழுதியவர்கள் இரண்டே பேர்.

பாரிஸ் அண்ணையில் எனக்குக் கோபம் இல்லை. அவர் பட்டது எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கட குடும்பத்துக் கடை. சின்னம்மா கணினி பார்க்கிற ஆள் இல்லை, தனக்காகப் பதில் எழுத அவவால் ஏலாது. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கோ.

கடையைப் பற்றித் தெரியாத இளம் பிள்ளைகளுக்காக முதலில் இரண்டு வரி. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் ஊரே வெறுமையாகித் தென்மராட்சிக்குப் போனது. அடுத்த வருசம் திரும்பி வந்தபோது எங்கட வீட்டுக்குக் கூரை இல்லை. சித்தப்பா நல்லூரில் ஒரு சின்ன இடத்தை வாடகைக்கு எடுத்து, மூன்று மேசை, ஒரு வாங்கோடு சைவக்கடை தொடங்கினார். காலமை இடியப்பம், சொதி, சம்பல். மத்தியானம் மரக்கறிச் சோறு. பின்னேரம் உளுந்து வடை, தேத்தண்ணி. கச்சேரிக்கு (அரச அலுவலகத்துக்கு), கோட்டுக்கு, பெரியாஸ்பத்திரிக்கு என்று பட்டணம் போகிற எங்கட ஊர்ச் சனம் அங்கே இறங்காமல் போகாது. இப்போது சித்தப்பா இல்லை. தம்பிதான் நடத்துகிறான், சின்னம்மா அடுப்படியில்.

2017 யூலை 22, சனிக்கிழமை. பின்னேரம் ஐந்து மணி தாண்டிய நேரம். யாழ்ப்பாணம் மேல் நீதிமன்ற நீதிபதி மாணிக்கவாசகர் இளஞ்செழியனின் வாகனம் நல்லூர்க் கோயிலுக்குக் கிட்ட வருகிறது. அந்த நாட்களில் அவர் பெயர் ஊரில் தெரியாத ஆள் இல்லை. புங்குடுதீவு மாணவி கொலை வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் அவரும் ஒருவர், விசாரணை நடந்துகொண்டிருந்த காலம் அது. சந்தியில் வாகன நெருக்கடி. முன்னால் மோட்டார் சைக்கிளில் போன மெய்ப்பாதுகாவலர் இறங்கி வழியை விலக்கப் பார்க்கிறார். அப்போது ஒருவன் அவருடைய இடுப்பில் இருந்த துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டான். நீதிபதியோடு இருந்த மற்றப் பாதுகாவலர் திருப்பிச் சுட்டார், அவருக்கும் காயம். சுட்டவன் ஓடிவிட்டான்.

வழி விலக்க இறங்கியவர்தான் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர. சிலாபத்துக்காரர், 51 வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பதினைந்து வருசத்துக்கு மேலாக அதே நீதிபதியின் நிழலாக நின்ற மனிதர். மறுநாள் ஞாயிறு விடிய முன்னமே பெரியாஸ்பத்திரியில் அவரது உயிர் பிரிந்தது.

இதெல்லாம் பேப்பரில் வந்தது. பேப்பரில் வராததை இனிச் சொல்கிறேன்.

சின்னம்மா அப்போது வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தாவாம். வெடிச்சத்தம் கேட்டது. சித்தப்பா எழும்பி ஓடிப் போய் கடைக் கதவை இழுத்துச் சாத்தினார். உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நாலு பேரும் சொல்லாமலே நிலத்தில் படுத்தார்கள். எங்கட சனத்துக்கு அது ஆரும் பழக்கத் தேவையில்லாத பாடம். குழந்தையாக இருக்கும்போதே வெடிச்சத்தத்துக்குக் குப்புறப் படுக்கப் பழகியவர்கள் நாங்கள். கதவைச் சாத்து, விளக்கை அணை, சத்தம் போடாதே. முப்பது வருசம் எங்களை உயிரோடு வைத்திருந்தது அந்தப் பழக்கம்தான்.

கதவைத் திறந்தபோது வீதியில் சனம் நிறைந்திருந்தது. காயப்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தார் றோட்டில் இரத்தம்.

அன்றிரவு நான் கனடாவில், ஸ்காபுறோவில் இருந்து போன் எடுத்தபோது சின்னம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுகிறேன். "மோனை, நான் கதவைச் சாத்திப்போட்டன். அந்த மனிசன் வெளியாலை விழுந்து கிடந்திருக்குது. ஒரு வாய் தண்ணி குடுக்கேல்லை."

"சாத்தினது சித்தப்பா எல்லோ" என்றேன். "ஆர் சாத்தினா என்ன, நானும் உள்ளுக்குத்தானே நிண்டனான்" என்றா.

ஹேமச்சந்திர எங்கட கடையில் ஒருநாளும் சாப்பிட்டவர் இல்லை. தேத்தண்ணி குடித்ததும் இல்லை. நீதிபதியின் வாகனம் போகும்போது முன்னால் மோட்டார் சைக்கிளில் போகிற ஒரு உருவம், அவ்வளவுதான். பெயர்கூட மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரியும். தயவுசெய்து இதைக் கவனியுங்கோ. "பழகின பொலிஸ்காரன், அதுதான் இலை போடுறா" என்று ஒருவர் எழுதியிருந்தார். அது பிழை. பழக்கமே இல்லை.

அடுத்த நாள் என்ன நாள் தெரியுமோ? ஆடி அமாவாசை. தகப்பனை இழந்தவர்கள் விரதம் இருக்கிற நாள். விடியவே சித்தப்பா கீரிமலைக்குப் போய்த் தீர்த்தமாடித் திரும்பி வந்தார். சின்னம்மா வெங்காயம் போடாமல் சமைத்தா. கத்தரிக்காய், வாழைக்காய், பூசணிக்காய், பயற்றங்காய், வடை, பாயாசம். அன்றைக்கென்றே சந்தைக்கு வருகிற காத்தோட்டிக்காயும். அந்தக் கைப்பு இல்லாமல் எங்கட பக்கம் ஆடி அமாவாசை இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். எல்லாம் படைத்து, தேங்காய் உடைத்து, காகத்துக்குச் சோறு வைக்கப் போகிற நேரம், சின்னம்மா இன்னொரு இலையை எடுத்து வந்து பக்கத்தில் விரித்தாவாம். சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. செம்புத் தண்ணியை எடுத்து அந்த இலையையும் சுற்றித் தெளித்தார்.

அந்தக் குடும்பத்தில் இதைப் பற்றி நடந்த கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் இரண்டு இலை. திகதி பார்ப்பதில்லை, திதிதான். ஹேமச்சந்திர காலமானதும் அமாவாசைத் திதியில்தான் என்று கோயில் ஐயர் பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

இனிப் பாரிஸ் அண்ணையின் கேள்விக்கு வருகிறேன்.

அண்ணை, நீங்கள் 1981ஐ எழுதியிருந்தீர்கள். யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை. அதை எரித்தவர்களில் சீருடைக்காரரும் நின்றார்கள் என்பதை உலகமே எழுதிவிட்டது, நான் மறுக்க என்ன இருக்கிறது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஆனால் உங்களுக்கு ஒன்று தெரியாமல் இருக்கலாம். அந்த நாட்களில் பட்டணத்தில் எரிந்த கடைகளில் ஒன்று சித்தப்பாவின் தகப்பனாருடையது. முதலாவது இலைக்கு முன்னால் படத்தில் இருக்கிறாரே, அவருடையது. அதற்குப் பிறகு அவர் கடை வைக்கவில்லை. அவருக்குப் படைக்கிற அதே அமாவாசையில், அவருக்குப் பக்கத்தில்தான் இந்த இலையை அவரது மகனே தண்ணி தெளித்துப் படைத்தார். தகப்பனை மறந்து செய்த வேலை என்று அவரைப் பார்த்து ஆரும் சொல்ல முடியாது.

2016 ஒக்ரோபரில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழகப் பிள்ளைகளைப் பொலிசார் சுட்டதையும் எழுதியிருந்தீர்கள். நல்லூரில் இந்தச் சூடு நடந்தது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. அந்தப் பிள்ளைகளுக்காகக் கடையடைப்பு நடந்தபோது சின்னம்மா கடையும் பூட்டித்தான் கிடந்தது. அதே மனிசிதான் ஹேமச்சந்திரவுக்கு இலை போட்டது. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. ஒரு நெஞ்சில் இரண்டு துக்கத்துக்கும் இடம் இருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதைக் கழிக்கச் சொல்லி அவவிடம் கேட்க எனக்கு மனம் வராது.

யூலை 23 என்றால் எங்களுக்கு 1983. எங்கட வீட்டுக் கலண்டரில் அந்த நாளுக்கு வேறு பெயர் இல்லை. நல்லூருக்குப் பக்கத்தில் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்ட இரவு, அதைத் தொடர்ந்து தெற்கில் எங்கட சனத்துக்கு எதிராக நடந்த இனக்கலவரம். நான் கனடாவுக்கு வந்து சேர்ந்ததே அந்த யூலையின் தொடர்ச்சிதான். அதே திகதியில், ஒரு தமிழ் நீதிபதியைக் காத்து நின்ற சிங்களவர் ஒருவர் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் உயிர் விட்டார். இதை எந்தப் பக்கத்துக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீதிபதி இளஞ்செழியன் அந்த மனிதரின் துணைவியாருக்கு முன்னால் முழந்தாளிட்டு அழுத படத்தைப் பார்த்தபோது நானும் அழுதேன், வேலைக்குப் போகிற பஸ்ஸில். அந்த இரண்டு பிள்ளைகளையும் தன் பிள்ளைகளாகப் பார்ப்பேன் என்று அவர் சொன்னார். அந்தக் கிழமை வடக்கில் சட்டத்தரணிகள் நீதிமன்றத்துக்குப் போகாமல் கண்டனம் தெரிவித்தார்கள். அதுவும் எங்கட ஊரில் நடந்ததுதான். அதையும் நினைவில் வைத்திருப்போம்.

இன்னொரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். இதைத் தம்பி சொன்னான். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூர்க் கொடியேறும் என்பது தெரியும்தானே. 25 நாள் திருவிழாவுக்குக் காவலுக்கென்று வெளி மாவட்டங்களில் இருந்தும் பொலிஸ் பொடியன்கள் வருவார்கள். ஒரு வருசம் அமாவாசை அன்றே அப்படி ஒருவன் கடைக்கு வந்திருக்கிறான். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயது இருக்கும். தமிழ் பேச வராது. தேத்தண்ணி கேட்டுக்கொண்டு நின்றவன் சுவரோரம் இருந்த படத்தைக் கண்டான். சீருடையைக் கண்டுதான் நின்றிருக்கிறான். ஆர் என்று கையால் கேட்டான். தம்பி தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னான்.

பொடியன் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, தங்கட பக்கத்தில் இப்படிச் செத்தவருக்காகக் கொடுப்பதைத் தானம் என்று சொல்வோம் என்றானாம். ஏழாம் நாளில், மூன்றாம் மாதத்தில், பிறகு வருசத்துக்கு வருசம். பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுத்து அந்தப் புண்ணியத்தைச் செத்தவருக்குச் சேர்ப்பிப்பது. சின்னம்மா விளங்கியும் விளங்காமலும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இருந்து சாப்பிடச் சொல்லு" என்றா. அவன் இருந்து சாப்பிட்டான். காத்தோட்டிக்காயை வாயில் வைத்ததும் முகம் போன போக்கைப் பார்த்துச் சின்னம்மா சிரித்தாவாம். ஆனாலும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். காசு நீட்டியபோது தம்பி வாங்கவில்லை. அன்றிலிருந்து திருவிழாக் காலத்தில் சீருடையோடு வருகிற ஆருக்கும் பின்னேரத் தேத்தண்ணிக்குக் காசு வாங்குவதில்லை. அது தம்பியின் முடிவு, சின்னம்மாவுடையது அல்ல. அதிலும் உங்களுக்கு மனத்தாங்கல் இருந்தால் அவனோடு கதையுங்கோ, கேட்கிற பிள்ளைதான்.

ஹேமச்சந்திர எந்தச் சமயம் என்று சின்னம்மா இன்றுவரை விசாரித்ததில்லை. சிலாபத்துக்காரர் என்றதும் அவவுக்கு நினைவு வந்தது முன்னேஸ்வரம்தான். சண்டைக்கு முந்திய காலத்தில் தகப்பனோடு அந்தச் சிவன் கோயிலுக்குப் போனவவாம். சிங்களச் சனமும் பூத்தட்டோடு வரிசையில் நின்றதைப் பார்த்த ஞாபகம் இன்னும் இருக்கிறது. "முன்னேஸ்வரத்து மனிசன்" என்றுதான் அவரைச் சொல்லுவா. அந்தக் குடும்பத்தோடு தொடர்பு எடுப்போமோ என்று தம்பி ஒருமுறை கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டா. "அதுகள் தங்கட துக்கத்தைப் பார்க்கட்டும். நாங்கள் போய்க் கதவு சாத்தின கதையை என்னெண்டு சொல்லுறது?"

நோர்வேயில் இருந்து ஒரு அக்கா, சங்கப் பணத்தில் கடையில் ஒரு நினைவுப் பலகை வைப்போம் என்று நல்ல மனதோடு எழுதியிருந்தா. அக்காவுக்கு நன்றி. சின்னம்மாவிடம் கேட்டேன், வேண்டாமாம். பலகை வைத்தால் நாளைக்கு ஆரும் வந்து படம் எடுப்பார்கள், பேட்டி கேட்பார்கள், பிறகு அது வேறு கதையாகிவிடும் என்கிறா. சரியாகத்தான் படுகிறது. தங்கச்சி போட்ட படத்தையும் குழுவுக்கு வெளியே ஆரும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பணத்தை ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சத்துணவுக்கே கொடுப்போம். அதை வரும் கூட்டத்தில் நானே முன்மொழிகிறேன்.

பாரிஸ் அண்ணை, நீங்கள் அடுத்த கோடைக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்று அறிந்தேன். அமாவாசைக்கு முன்னம் போவீர்களென்றால் கடைக்கு ஒருக்கால் போங்கோ. இரண்டாவது இலைக்கு முன்னால் நிற்கச் சொல்லி ஆரும் கேட்கமாட்டார்கள். உங்கட அப்பாவுக்கும் விரதம் பிடிக்கிற ஆள்தானே நீங்கள். சின்னம்மாவிடம் சொன்னேன், அண்ணை வந்தாலும் வருவார் என்று. "வரட்டும், அவனுக்கும் காத்தோட்டிக்காய் எடுத்து வைக்கிறன்" என்றா.

அன்புடன்,
ஸ்காபுறோவில் இருந்து,
கடைக்காரச் சின்னம்மாவின் பெறாமகன்