வால்வு ரேடியோவில் டையோடு போட்டவர்களின் அனுபவம்

முதல் பதிவு:
ஏசியை டிசியாக மாற்றும் ஈஇசட்80 வால்வு இருக்க வேண்டிய சாக்கெட்டின் அடியில் யாரோ இரண்டு சிலிக்கான் டையோடுகளைப் பற்றவைத்திருந்த மரப்பெட்டி ரேடியோ ஒன்று, உறுமல் அதிகம் என்ற புகாரோடு என் மேசைக்கு வந்தது. சுவிட்சைப் போட்டதும், ஒரு வால்வுகூட இன்னும் சிவக்காத நிலையில், மீட்டர் முள் ஒரே பாய்ச்சலில் 370 வோல்ட்டுக்குப் போய்விட்டது. அந்த டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டன்சரின் மேல் அச்சிட்டிருந்த தாங்கும் வரம்போ 350. ஸ்பீக்கரை இயக்கும் இஎல்84 வால்வு சூடாகி மின்னோட்டத்தை இழுக்கத் தொடங்கிய பிறகுதான் முள் 300ஐ நோக்கி மெல்ல இறங்கிற்று. ரேடியோவைப் போடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கண்டன்சர் இந்த அடியை வாங்கியிருக்கிறது என்பது இன்னும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

மறுமொழி 1:
டையோடைப் பழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை; வால்வு கிடைக்காதவர் வேறு என்ன செய்வார்? என் தந்தையாரின் செட் பல ஆண்டுகளாக டையோடில்தான் பாடுகிறது. ஆனால் 1000 வோல்ட் தாங்கும் 1என்4007 டையோடு மட்டுமே போட வேண்டும். நடு முனையின் இருபுறமும் 250 வோல்ட் தரும் 250-0-250 டிரான்ஸ்பார்மரில் ஒவ்வொரு டையோடும் எதிர்த்திசையில் 700 வோல்ட்டுக்கு மேல் சந்திக்கும் என்பதால், 400 வோல்ட் மட்டுமே தாங்கும் 1என்4004 அங்கே நிலைக்காது. டையோடுக்குப் பின் 200 ஓம் அளவில் ஒரு வயர்வவுண்ட் மின்தடையைச் சேர்த்தால் வோல்டேஜ் பழைய நிலைக்கு வந்துவிடும். உறுமல் குறைய வேண்டுமென்று பெரிய கண்டன்சர் போட விரும்புவோர், வால்வே இருக்கும் செட்டில் முதல் கண்டன்சரை 50 மைக்ரோஃபாரடுக்கு மேல் உயர்த்தக் கூடாது. ஈஇசட்80க்கு அதுதான் வரம்பு.

மறுமொழி 2:
மேலே சொன்ன மின்தடை முதல் பதிவரின் சிக்கலைத் தீர்க்காது. மின்னோட்டம் ஓடினால்தான் மின்தடையில் வோல்டேஜ் குறையும்; வால்வுகள் சூடாகும் முன் ஓடுவதற்கு ஏது மின்னோட்டம்? ஈஇசட்80 எலக்ட்ரான்களை வெளியிடும் தன் கேத்தோடு சூடாகும்வரை எதையும் வெளியே விடாது என்பதே அதன் அருமை. டையோடுதான் வேண்டுமென்றால் 450 வோல்ட் கண்டன்சர் போடுங்கள்.

என் அனுபவம் வேறு. ஃபில்டர் கண்டன்சர்களைப் புதிதாக மாற்றிய பின்னும் ஒரு செட்டின் டிரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாதபடி சுட்டது. அறை விளக்கை அணைத்துப் பார்த்தபோது, இஎல்84இன் ஆனோடுத் தகடு செந்நிறமாகக் கனன்றுகொண்டிருந்தது. அதன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்டுக்குச் செல்லும் பேப்பர் கண்டன்சர் கசிந்து கிரிட்டைப் பாசிட்டிவாக்கியதால், வால்வு அளவுக்கு மீறி இழுத்திருக்கிறது. சப்ளைப் பகுதியை மட்டும் துருவிக்கொண்டிருந்தால் டிரான்ஸ்பார்மரே போயிருக்கும். அது சரி, முதல் பதிவர் அந்த உறுமல் என்னவாயிற்று என்று சொல்லவேயில்லையே?