பத்து மெகாவாட் விறகு ஆலையா? முதல்ல தண்ணிக் கணக்கைக் கேளுங்க

பாய்லர்காரர்:
விறகை எரிச்சு கரண்ட் எடுக்கிற பயோமாஸ் ஆலை நம்ம பக்கம் வருதுன்னதும் எல்லாரும் புகையையே பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. தருமபுரி, கிருஷ்ணகிரி பூமியில் முதல் கேள்வி தண்ணிதான். கூலிங் டவர் (தண்ணியை ஆவியாக்கிச் சூட்டை வெளியேத்துற கோபுரம்) வெச்ச பயோமாஸ் ஆலைக்கு யூனிட்டுக்கு சுமார் 3.5 லிட்டர் வேணும். 10 மெகாவாட் முழுசா ஓடினா ஒரு நாளைக்கு 2.4 லட்சம் யூனிட், அதாவது 8.4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர்ல 70 நடை. முக்கால்வாசி ஆவியாயிடும், உப்பு டவர் தொட்டியிலேயே தங்கும். நாலு மடங்கு கெட்டியானதும் கொஞ்சம் திறந்துவிடுவாங்க, ப்ளோடவுன்னு பேரு. போர் தண்ணியில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம்னா வெளியே வர்றதுல 8. குடிநீருக்கு உச்ச வரம்பே 1.5. ஃப்ளோரைடுக்குப் பயந்துதானே ஒகேனக்கல் குடிநீர்க் குழாயே போட்டாங்க! அந்தக் கழிவு எந்த ஏரியில் விழுதுன்னு வரைபடத்தில் விரல் வெச்சுக் காட்டச் சொல்லுங்க. தண்ணிக்குப் பதிலா காத்தை வெச்சு நீராவியைக் குளிரவைக்கிற ஏர் கூல்டு கண்டன்சர் போட்டா தண்ணி பெருமளவு மிச்சம். விலை கூட, சித்திரை வெயிலில் உற்பத்தியும் இறங்கும். அதனாலதான் கேட்காம போட மாட்டாங்க.

லாரிக் கணக்கு:
அண்ணா, விறகையும் சேர்த்துக்குங்க. யூனிட்டுக்கு 1.3 கிலோன்னு வெச்சா நாளைக்கு 312 டன், 10 டன் லாரியில் 31 லோடு. வேலிகாத்தான் முள்ளோட ஏத்தினா வண்டி ரொம்பும், எடை ஏறாது. அப்போ 45 தாண்டும், காலி வண்டி திரும்புறது தனி. பள்ளிக்கூடம் விடுற நேரத்துல எந்த ரோடுன்னு இப்பவே பேசிடணும். வேரோட மண் வந்தா பாய்லருக்குள் சாம்பல் உருகிக் கல்லா இறுகும், கிளிங்கர்னு பேரு, நிறுத்தி உடைக்கணும்.

ஃபீடர்:
"ஆலை வந்தா நமக்குக் கரண்ட் கட்டே இருக்காது"ன்னு சொல்றவங்களுக்கு: கரண்ட் நேரா சப்-ஸ்டேஷனுக்குப் போகுது. உங்க தெரு டிரான்ஸ்பார்மர் ஃப்யூஸ் போனா அது போனதுதான்.

சோலார் பக்கம்:
அதே 10 மெகாவாட் சோலாருக்கு 40-50 ஏக்கர். 540 வாட் பேனல் சுமார் 18,500. ஒரு பேனலுக்கு 2 லிட்டர்னாலும் ஒரு கழுவலுக்கு மூணு டேங்கர் சொச்சம். உப்புத் தண்ணியில் கழுவாதீங்க, வெள்ளைக் கறை படியும். கல் கிரஷர் தூசு நனைஞ்சு காய்ஞ்சா சிமெண்ட் மாதிரி ஒட்டும், விடியக்காலையில் கழுவணும். பொழுது சாஞ்ச பிறகு இதுல ஒரு யூனிட்டும் வராது, அதையும் ஒத்துக்கணும்.

மனு எழுதுறவர்:
கருத்துக்கேட்புக் கூட்டம் வரும்னு காத்திருக்காதீங்க. 15 மெகாவாட் வரையிலான பயோமாஸுக்கு, நிலக்கரி 15 சதவீதம் கலந்தாலும், மத்திய சுற்றுச்சூழல் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிறுவ இசைவு, அதாவது ஆலை கட்டுறதுக்கு முன்னாடி வாங்குற அனுமதி, கட்டாயம். 10 ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் அதன் நகலைக் கேளுங்க, 30 நாள் கெடு. கிராம சபையில் அதைக் கையில் வெச்சுக்கிட்டே பேசுங்க. கழிவுநீர் நாளைக்கு எத்தனை கிலோலிட்டர்னு ஒரு வரி இருக்கும். பாய்லர்காரர் கணக்குப்படி 8.4 லட்சத்துல நாலில் ஒரு பங்கு, 210 கிலோலிட்டர் வரணும். 40, 50ன்னு எழுதியிருந்தா மீதி எங்கேன்னு கேளுங்க.