ஆலம்பாடி காளைக்கன்றுக்குத் தொப்புள்ல குடலிறக்கம்: பொலிக்கு விடலாமா?

பென்னாகரம்:
வணக்கம். எங்க ஆலம்பாடி நாட்டு இனப் பசு போட்ட காளைக்கன்னுக்கு ரெண்டரை மாசம் ஆகுது. தொப்புள்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். பால் குடிச்சதும் பெருசா தெரியும், படுத்தா அமுங்கிடும். நல்லா ஊட்டமா இருக்கான். இவனையே எங்க பட்டிக்கு, பசுவோட இணை சேர்க்கிற பொலிகாளையா விடணும்னு அப்பாவுக்கு ஆசை. இது பரம்பரையா வருமா?

காரிமங்கலம்:
தம்பி, முதல்ல அது தொப்புள் ஓட்டை வழியா குடல் பிதுங்குற குடலிறக்கமா, சீழ்கட்டியான்னு பாருங்க. கன்னை மல்லாத்திப் பிடிச்சுக்கிட்டு வீக்கத்தை மெதுவா உள்ள தள்ளுங்க. உள்ள போயி, விரலுக்கு வளையம் மாதிரி ஓட்டை தட்டுப்பட்டா குடலிறக்கம். சூடா, கெட்டியா இருந்து, தொட்டா கன்னு துள்ளுச்சுன்னா சீழா இருக்கலாம். ரெண்டும் ஒண்ணா இருக்கிற கன்னும் உண்டு. அதனால யார் சொன்னாலும் பிளேடு வைக்க விடாதீங்க. உள்ள குடல் இருந்தா கன்னு போயிடும்.

பென்னாகரம்:
உள்ள போகுதுங்கண்ணா. சூடு இல்ல. மூணு விரல் நுழையுது.

காரிமங்கலம்:
ஒரு விரல், ரெண்டு விரல்னா பல கன்னுக்கு மூணு நாலு மாசத்துல தானா மூடிக்கும். மூணு விரல்னா ஆபரேஷன்தான் நம்பிக்கை. துணி கட்டி காலம் கடத்தாதீங்க. வீக்கம் திடீர்னு கல்லு மாதிரி ஆகி, உள்ள தள்ள முடியாம, கன்னு பால் குடிக்காம வயித்தை உதைச்சா குடல் சிக்கிடுச்சுன்னு அர்த்தம். அப்போ விடியட்டும்னு இருக்கவே கூடாது.

ஊத்தங்கரை:
பரம்பரை கேள்விக்கு வர்றேன். எல்லாமே பரம்பரை இல்லைங்க. ஈரத் தரையில படுத்து தொப்புள் சீழ் பிடிச்சாலும், கொடியை ஒட்ட இழுத்து அறுத்தாலும் வரும். ஆனா ஹோல்ஸ்டீன்ங்கிற சீமைக் கறவை மாடுகள்ல சில காளைகளோட கன்னுங்களுக்கு மட்டும் இது அதிகமா வர்றதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. அந்தக் காளைக்கே வீக்கம் இருக்கணும்னு இல்ல. உங்க கன்னோட தகப்பன் எது? அதோட மத்த கன்னுங்களை பாத்தீங்களா?

பென்னாகரம்:
ஊர் காளைதாங்க. விசாரிச்சேன், பக்கத்து தெருவுல அதே காளைக்குப் பொறந்த கிடாரிக்கும் தொப்புள்ல வீக்கம் இருந்துச்சாம். இன்னொண்ணு, எங்க பசுவே அந்தக் காளைக்குப் பொறந்ததுதான்.

ஊத்தங்கரை:
அப்போ என் பதில் தெளிவு: பொலிக்கு வேணாம். அப்பனும் மகளும் சேர்ந்த கன்னு, அதே காளைக்கு இன்னொரு கன்னுலயும் வீக்கம். இதுக்கு மேல சாட்சி தேவையில்ல. ஆபரேஷன் பண்ணா ஓட்டை மூடும், ரத்தத்துல இருக்கிறது மூடாது. வெளியில தெரியாததால பாக்கிறவங்க நல்ல காளைன்னு நம்பி பசுவை ஓட்டிக்கிட்டு வருவாங்க. ஆலம்பாடி இப்பவே குறைஞ்சு போன இனம். ஒரு காளையோட குறை பட்டி முழுக்கப் பரவினா மாத்திக் கட்ட வேற காளை கிடைக்காது. எனக்கு அதுதான் பயம். காயடிச்சு வளத்தீங்கன்னா ஏருக்கும் வண்டிக்கும் அருமையா நிப்பான். அந்தக் காளைக்காரர்கிட்டயும் பக்குவமா சொல்லிடுங்க.

பென்னாகரம்:
அப்பாகிட்ட சொல்றேன். அப்போ பசுவை வித்துடணுமா?

காரிமங்கலம்:
எதுக்கு? ரத்தத் தொடர்பில்லாத ஆலம்பாடி காளைக்கு விடுங்க. எங்க ஊர்ல ஆலம்பாடி ஆராய்ச்சி மையம் இருக்கு, காளையோ சினை ஊசியோ பத்தி அங்க விசாரிங்க. அடுத்த கன்னு விழுந்ததும் கொடியை இழுக்காம, டிஞ்சர் அயோடின்ல நல்லா முக்கி எடுங்க. இவனை இந்த வாரமே தாலுகா கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. அங்க முடியலன்னா நாமக்கல் கால்நடைக் கல்லூரி. அவசரம்னா கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962ல போன் பண்ணுங்க.