கடை மேப்பில் சிவப்பானால் போனது கரண்டா, லைனா? பிரித்துக் காட்ட வழி உண்டா?

காளவாசல் சிஸ்டம்ஸ்:

எல்லாருக்கும் வணக்கம். மருந்துக்கடை நிறுவனம் ஒன்றில் சிஸ்டம் பார்க்கிறேன். தலைமை அலுவலகம் காளவாசல் பக்கம். கிளைகள் மேலூர், கொட்டாம்பட்டி, செக்கானூரணி, உசிலம்பட்டி, திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர் என்று மதுரையைச் சுற்றிக் கிடக்கின்றன. கடைக்குக் கடை பில் போடும் சர்வர் ஒன்று, ரூட்டர், யுபிஎஸ், மருந்து ஃபிரிட்ஜ். இதையெல்லாம் கண்காணிக்க ஜாபிக்ஸ் 5.0 என்ற மென்பொருள் ஓடுகிறது. பட்டியலாகப் பார்த்தே பழகிவிட்டேன், எனக்கு அது போதும்.

முதலாளிக்குப் போதவில்லை. யாரோ ஒருவர் ஆபீஸில் சுவரில் டிவி மாட்டி, ஊர் மேப்பில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கும் வேணும் என்கிறார். சரி, போட்டுக் கொடுத்துவிடலாம். என் கவலை வேறு. கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் இறங்கிவிட்டால் அந்தக் கடையில் எல்லாமே சிவப்பு. ரோட்டோரம் ஜேசிபி இன்டர்நெட் லைன் ஃபைபரை அறுத்தாலும் எல்லாமே சிவப்பு. ஆனால் செய்ய வேண்டிய வேலை வேறு வேறு. கரண்ட் என்றால் ஃபிரிட்ஜைச் சும்மா சும்மா திறக்காதே என்று கடைப்பையனிடம் சொல்ல வேண்டும்; இன்சுலின் எல்லாம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. லைன் என்றால் இணைப்புக்காரரிடம் புகார் போட வேண்டும். இப்போதைக்குப் போன் போட்டு "தம்பி, ஃபேன் ஓடுதா?" என்று கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறேன். கடைக்கு ஒரே லைன்தான். இரண்டாவது லைனுக்குக் காசு பெயராது. மேப்பிலேயே இது தெரிய வழி இருக்கிறதா?

தேனி ரோடு:

வணக்கம்ணே. 5.0ல் அந்த மேப் கிடையாது. 2022ல் வந்த 6.0 முதல்தான் ஜியோமேப் விட்ஜெட் இருக்கிறது. மேலே ஏறிவிடுங்கள். ட்ரிக்கர், அதாவது எது நடந்தால் பிரச்சினை என்று ஜாபிக்ஸுக்குச் சொல்லும் விதி, அதை எழுதும் முறை 5.4ல் மாறியது, பயப்பட வேண்டாம், பழையதை அப்கிரேட்டே மாற்றிக்கொள்ளும்.

உங்கள் கேள்விக்கு விடை மேப்பில் இல்லை, யுபிஎஸ்ஸில் இருக்கிறது. லைன் செத்த பிறகு கடையிலிருந்து எதுவும் வராது, உண்மைதான். ஆனால் சாவதற்கு முன்னால் யுபிஎஸ் கடைசியாக என்ன சொன்னது என்பது ஜாபிக்ஸிடம் இருக்கும். எஸ்என்எம்பி கார்டு (நெட்வொர்க் வழியாக நிலவரம் சொல்லும் கார்டு) உள்ள யுபிஎஸ்ஸில் 1.3.6.1.2.1.33.1.4.1.0 என்ற எண்ணைக் கேளுங்கள். பொதுவான யுபிஎஸ் மிப்பில், அதாவது எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்ற பட்டியலில், உள்ளது அது. 3 என்று வந்தால் கரண்டில் ஓடுகிறது, 5 என்று வந்தால் பேட்டரியில் ஓடுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை கேட்டால் போதும். அப்புறம் இரண்டே ட்ரிக்கர். பிங் (இருக்கியா என்று கேட்டால் வரும் பதில்) போச்சு, கடைசி மதிப்பு 5: கரண்ட் கட். பிங் போச்சு, கடைசி மதிப்பு 3: லைன் கட். பேட்டரி கால் மணி நேரம் தாங்கினாலே இது பிசகாது.

இதை நிறமாக்குவது சுலபம். கடையில் உள்ளதில் எது பெரிய பிரச்சினையோ அதன் நிறத்தைத்தான் மேப் புள்ளி எடுத்துக்கொள்ளும். ட்ரிக்கருக்குத் தீவிர அளவு கொடுக்கலாம்: கரண்டுக்கு வார்னிங் கொடுத்தால் மஞ்சள், லைனுக்கு ஆவரேஜ் கொடுத்தால் ஆரஞ்சு. லைன் நன்றாக இருந்து சர்வர் மட்டும் படுத்தால் டிசாஸ்டர், நல்ல சிவப்பு. சர்வர் ட்ரிக்கர் மற்ற இரண்டையும் சார்ந்திருக்கும்படி டிபெண்டன்சி கட்டிவிடுங்கள், அவற்றில் ஒன்று அடித்தால் இது அடங்கியிருக்கும், இல்லையென்றால் கரண்ட் போனாலும் சிவப்பே வந்து நிற்கும். கடைக்கு ஒரே ஹோஸ்ட் (ஜாபிக்ஸ் கண்காணிக்கும் ஒரு பதிவு, மேப்பில் ஒரு புள்ளி) வையுங்கள்; ரூட்டர், யுபிஎஸ், சர்வர் ஐபிக்கள் எல்லாம் அதற்குள் தனித்தனி இன்டர்ஃபேஸ். ஒரே இடத்தில் மூன்று புள்ளி ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் டிவியில் பார்க்கவே முடியாது.

ஹோஸ்ட் இன்வென்டரியில் (அதன் விவரப் பக்கத்தில்) அட்சரேகை, தீர்க்கரேகை போடும் இடத்தில் கவனம். மதுரை 9.92, 78.12. இதைத் தலைகீழாகப் போட்டால் உங்கள் கடை ஸ்வால்பார்ட் தீவுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் நல்லது.

மேப் வெறும் அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபைபரும் மின்பாதையும் ரோட்டோடு ஓடுகிறவை. செக்கானூரணியும் உசிலம்பட்டியும் ஒரே நேரத்தில் ஆரஞ்சானால் தேனி ரோட்டில் எங்கேயோ தோண்டுகிறார்கள். பட்டியலில் அந்த இரண்டு பெயரும் அகர வரிசையில் எங்கெங்கோ கிடக்கும், மேப்பில் கோடு போட்டது போலத் தெரியும்.

காளவாசல் சிஸ்டம்ஸ்:

அருமைண்ணே. யுபிஎஸ் கடைசியாகச் சொன்னதைப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. ஒரு சிக்கல், பாதிக் கடையில் இருப்பது சாதா யுபிஎஸ், கார்டு சொருக இடமே இல்லை. அங்கே என்ன செய்வது?

மேலூர் நெட்:

பரணில் பழைய ரூட்டர் கிடக்குமே, அதை எடுத்து யுபிஎஸ்ஸில் சேராத சுவர் பிளக்கில் மாட்டுங்கள். லேன் கேபிள் மட்டும் யுபிஎஸ்ஸில் ஓடும் சுவிட்சுக்குப் போகட்டும். கரண்ட் போனதும் அது உடனே சாகும், கடை ரூட்டர் பேட்டரியில் பேசிக்கொண்டே இருக்கும். பழையது முதலில் விழுந்து, அப்புறம் கடை விழுந்தால் கரண்ட். இரண்டும் ஒன்றாக விழுந்தால் லைன். அந்த பிளக்கில் "கழற்றக் கூடாது" என்று ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் யாராவது செல்போன் சார்ஜர் சொருகிவிடுவார்கள்.

பேட்டரி செத்த யுபிஎஸ் என்றால் இந்த வித்தையும் பலிக்காது, எல்லாம் ஒரே நொடியில் போகும். அங்கே லைன் திரும்பி வந்ததும் கடை ரூட்டரின் அப்டைமை, அதாவது ஆன் ஆகி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை, எஸ்என்எம்பியில் பாருங்கள், 1.3.6.1.2.1.1.3.0. பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தால் கரண்ட் போயிருக்கிறது. பழைய கணக்கே ஓடினால் லைன்தான் போனது. நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணுவதால் 497 நாளுக்கு ஒரு தடவை அதுவாகவே பூஜ்யத்துக்கு வரும், அது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

வாடிப்பட்டியான்:

டிவிக்கு என்றால் கிராஃபானா என்ற வரைபட மென்பொருளில் ஜியோமேப் போடலாமே? பார்க்க இன்னும் பளிச்சென்று இருக்கும்.

தேனி ரோடு:

இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பார்க்கிற ஆள் ஒருத்தர், அவருக்கு எதற்கு இரண்டு மென்பொருள்? எதுவானாலும் மேப் படம் கண்காணிப்பு சர்வருக்கு வருவதில்லை, டிவியில் உள்ள பிரௌசர்தான் நேராக நெட்டில் இருந்து இழுக்கிறது. டிவிக்கு நெட் இல்லையென்றால் சாம்பல் பலகையில் புள்ளிகள் மட்டும்தான்.

காளவாசல் சிஸ்டம்ஸ்:

டிவிக்கு நெட் கொடுத்துவிடுகிறேன். கடைசியாக ஒன்று. மாதாந்திரப் பராமரிப்புக்கு எந்தெந்த ஊரில் மின்தடை என்று பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அன்றைக்குப் பகலெல்லாம் போனில் அலாரம் அடிக்காமல் இருக்க வேண்டும்.

தேனி ரோடு:

துணை மின் நிலையத்துக்கு ஒன்றாக ஹோஸ்ட் குரூப் போட்டுக் கடைகளைப் பிரித்து வையுங்கள். பேப்பரில் பெயர் வந்ததும் அந்த குரூப்பை மட்டும் மெயின்டனன்ஸில் (அந்த நேரம் வரை அலாரம் அடிக்காத நிலையில்) போட்டால் வேலை முடிந்தது. டேட்டா சேகரிப்போடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேகரிப்பை நிறுத்திவிட்டால் யுபிஎஸ் 5 என்று சொல்வது பதிவாகாது, மெயின்டனன்ஸ் நேரம் முடிந்தும் கரண்ட் வரவில்லை என்றால் அதை லைன் கட் என்று ஆரஞ்சில் காட்டும்.