அடைப்புக்குறி காணாமல் போன கதைகள்

ஈசூன் அப்பா:
பையன் உயர்நிலை 3. எம்ஆர்டியில் நெரிசலில் நிற்கும்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: "அப்பா, அம்மோனியம் சல்பேட், என் எச் ஃபோர் எஸ் ஓ ஃபோர்தானே?" யோசிக்காமல் "ஆமாண்டா" என்றேன். மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்டில் அந்தக் கேள்விக்கு முட்டை. பழி என் தலையில்.

வாசலில் கறிவேப்பிலைத் தொட்டி இருக்கிறது. அதற்குப் போடும் உரமே அம்மோனியம் சல்பேட்தான். பாக்கெட்டில் 21-0-0 என்று போட்டிருக்கும். முதல் எண் நைட்ரஜன், எடையில் நூற்றுக்கு 21 பங்கு. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். "நீ எழுதினது சரின்னா 21 வரணும், போட்டுப் பாரு." நைட்ரஜனின் அணு எடை 14, எல்லா அணுக்களும் சேர்ந்து மொத்தம் 114. கால்குலேட்டர் 12.3 காட்டியது. பையன் மறுபடி தட்டினான், அதேதான். பிறகு உட்கார்ந்து பார்த்தோம். அம்மோனியத்தின் சார்ஜ் கூட்டல் 1, சல்பேட்டுக்குக் கழித்தல் 2. இரண்டும் சரிக்குச் சரியாக வர அம்மோனியம் இரண்டு வேண்டும். அதை அடைப்புக்குறிக்குள் போட்டு வெளியே கீழே 2. இப்போது 132இல் 28, அதாவது 21.2. "பாக்கெட் கரெக்ட்தான்" என்று ஒத்துக்கொண்டான், ஏதோ பாக்கெட்டுக்கு மார்க் போடுகிற மாதிரி.

துணைப்பாட டீச்சர்:
அப்பா, உங்கள் பையனின் குரல் பதிவுதான் வில்லன். அடைப்புக்குறி காதில் விழாது! கால்சியம் ஹைட்ராக்சைடை "சி ஏ ஓ எச் டூ" என்று வாசித்தால் அந்த 2 யாருக்கு? குறி போடாவிட்டால் ஹைட்ரஜனுக்கு மட்டும் போய்விடும், ஆக்சிஜன் ஒன்றோடு நின்றுவிடும். (வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இதுதான்.) என் பிள்ளைகளை "ஓ எச், முழுசா ரெண்டு" என்று சொல்ல வைக்கிறேன்.

ஒரு மாணவி அம்மோனியம் நைட்ரேட்டில் இரண்டு நைட்ரஜனையும் சேர்த்து என் டூ எச் ஃபோர் ஓ த்ரீ என்று எழுதினாள். "எண்ணிக்கை சரிதானே டீச்சர்?" நியாயமான கேள்வி. ஆனால் ஒன்று அம்மோனியத்தில் இருக்கிறது, மற்றது நைட்ரேட்டில். சேர்த்து எழுதினால் இந்த இரண்டு அயனிகளுமே (சார்ஜ் உள்ள அணுக்கூட்டங்கள்) கண்ணில் படாது. மார்க் போட மனம் இருந்தது, போடவில்லை.

அங் மோ கியோ அக்கா:
எங்கள் வீட்டில் பெயரிலேயே வம்பு. சோடியம் சல்பைடு என்று நான் சொல்ல, மகள் சல்பைட் என்று கேட்டு மூன்று ஆக்சிஜன் சேர்த்துவிட்டாள். "கடைசியில டி வரும்டி" என்றேன். "எந்த டிம்மா, D-யா T-யா?" என்றாள். பேனாவை வாங்கி நானே எழுதிக் காட்டினேன்.